பொசனுக்கு மறுநாள்

போயா நேற்று, பௌத்தரின் பௌர்ணமிப் பெருநாள். ஆகவே அவன் இன்றைக்குத் தண்டவாள ரொலியில் வரமாட்டான். காலையிலிருந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்லச் சொல்ல நம்பிக்கை கூடத்தானே வேண்டும், எனக்கென்றால் தேய்ந்துகொண்டு வருகிறது. பொசன் போயாவுக்கு வீட்டுக்குப் போகாமல் இருக்கிற ஆளா பியதிலக, மற்றப் பெருநாள் ஒன்றுக்கும் லீவு கேட்கமாட்டான், பொசன் என்றால் மட்டும் ஒரு கிழமைக்கு முன்னாலேயே கால் தரையில் நிற்காது, பொல்காவலையில் வீட்டு முற்றத்தில் மூங்கிலை வளைத்து வெளிச்சக்கூடு கட்டி வண்ணத்தாள் ஒட்டவேண்டும், மனைவிக்குச் சேலை எடுக்கவேண்டும், எங்களிடமும் தேன், பாலைப்பழம், கருவாடு என்று எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் கோச்சி ஏறுவான், ஆகவே போயிருப்பான். போனவன் மறுநாளே திரும்பமாட்டான். முந்தியென்றால் திரும்புவான், ராத்திரி மெயில் ரெயிலில் ஏறி விடிய வந்து இறங்கி, முகம்கூடக் கழுவாமல் வேலைக்கு நிற்பான், ஆனால் இப்போது மெயில் ஏது, வவுனியாவுக்கு இங்காலே கோச்சி ஓடி ஒரு வருசத்துக்கு மேலாகிறது, ஆமி லொறியைப் பிடித்தல்லவா வரவேண்டும், ஆமி லொறி போயாவுக்கு மறுநாள் ஓடுமா. ஓடாது. ஓடினால்? ஓடினால் மத்தியானச் சாப்பாட்டு ரொலியை அவன்தான் ஓட்டிக்கொண்டு வருவான், வந்தால் நான் கழற்றப்போகிற தண்டவாளத்தில் அவன்தான் கவிழுவான். அவ்வளவுதான் விசயம். இந்தக் காட்டுக்குள் வேறு விசயம் எனக்கு இல்லை.

குதிரை என் தோளில் மூக்கைத் தேய்க்கிறது. வாயைச் சால்வையால் கட்டி வைத்திருக்கிறேன், கனைத்துவிடக் கூடாது என்பதற்காக, அதனால் வந்த கோபத்தையும் என் தோளில்தான் தேய்க்கிறது. இந்த வயதில் குதிரையேற்றம். என் மனிசி சற்குணத்துக்கு யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள், உன்ரை மனிசன் குதிரையில் போறார் என்று, அன்றையிலிருந்து என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள், இயக்கத்துக்குப் போனதைக்கூடப் பொறுத்தவள் குதிரையைப் பொறுக்கவில்லை. சிரிப்புக்கு இடமாகப் போய்விட்டதாம். அவளிலும் பிழை சொல்ல முடியாது. இருப்பதிலேயே சின்ன இயக்கம் எங்களுடையது, வாகனம் இல்லை, இருந்தாலும் பெற்றோல் இல்லை, பெற்றோல் கிடைத்தாலும் காட்டுக்குள் மோட்டார் சத்தம் ஊரைக் கூட்டும், அதனால் எங்கள் பொறுப்பாளர் வாகீசனுக்கு ஒரு யோசனை வந்தது. பேராதனையில் மிருக வைத்தியம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர், வேறு என்ன யோசனை வரும். நெடுந்தீவில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆருமில்லாமல் திரிகிற மட்டக் குதிரைகளைப் பிடித்து, காலைக் கட்டி வள்ளத்தில் படுக்கவைத்து, கடல் தாண்டிக் கொண்டுவந்தார்கள். ஒன்று நடுக்கடலில் கட்டை அறுத்துக்கொண்டு குதித்து நீந்தித் திரும்பிப் போய்விட்டதாம், அதுதான் கூட்டத்திலேயே புத்தியுள்ளது என்று றொபேட் சொல்லுவான், அவன் நெடுந்தீவுப் பிள்ளை, குதிரைகளைப் பழக்கியதும் எங்களைப் பழக்கியதும் அவன்தான், குதிரைகள் கெதியாகப் பழகின. எனக்கு ஏறினால் கால் ஏறக்குறைய நிலத்தில் முட்டும். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, போன மாதம் மதகடிச் சென்றியை, ஆமியின் காவலரணை, அடித்தபோது, புல்லு மறைவிலிருந்து இந்தக் குள்ளக் குதிரைகள் சாக்குக் கட்டின காலோடு சத்தமில்லாமல் வந்து விழுந்தபோது, ஆமிக்காரர் துவக்கைத் தூக்க மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இந்தக் காலத்தில் குதிரையில் வந்து அடிப்பான் என்று எவன் நினைப்பான். ஒருவன் தண்ணிப் போத்தலும் கையுமாகத் தண்டவாளத்தின் மேலேயே ஓடினான், சிலிப்பர்கட்டைக்குக் கட்டை காலை எட்டி வைக்கத் தெரியாமல் இடறி இடறி ஓடினான், எனக்கு அந்த நேரத்திலும் கத்தவேண்டும்போல இருந்தது, எடேய், கட்டையிலே ஓடாதை, ஓரத்தாலே ஓடு என்று. ரெயில் லைன் வேலை பார்த்தவனுக்குப் பக்கம் எது, எதிரி எது, பிழையாக ஓடுகிறவனைக் கண்டால் கை கால் பதறும்.

வீடு எரிந்ததற்காகத்தான் வந்தேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை, சண்டையில் லைனோரத்து வீடுகள் எரிந்தபோது எங்கள் வீடும் எரிந்தது, நான் வைத்த மாமரம் கருகி நின்றதைப் பார்த்துச் சற்குணம் மண்ணை அள்ளித் தூற்றினாள். ஆனால் வாகீசன் வந்து, அண்ணை, எங்களுக்கு லைனைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும் என்று கேட்டபோது எனக்குள் துள்ளினது கோபம் இல்லை. லைனைத் திரும்பப் பார்க்கலாம் என்றுதான் மனம் துள்ளியது. இதை ஆரிடம் போய்ச் சொல்வது. இருபது வருசத்துக்கு மேல் ஒவ்வொரு நாளும் நடந்த பாதை, எந்த வளைவில் எந்த மூட்டு தளரும், எந்த மழைக்கு எந்தக் கரை இறங்கும், எந்த இடத்தில் தேக்குக் கட்டை, எந்த இடத்தில் பாலைக் கட்டை, எல்லாம் உள்ளங்காலுக்குத் தெரியும், ஆமி வந்து மறித்த பிறகு அந்தப் பக்கம் போகக்கூடாது என்றாகிவிட்டது, பக்கத்திலே இருந்துகொண்டு பார்க்க முடியாமல் ஒரு வருசம் சாகாமல் செத்தேன். இப்போது பார்க்கிறேன். அதை உடைப்பதற்காக வந்து பார்க்கிறேன். கட்டைகளுக்கு நடுவில் முழங்கால் அளவுக்குப் புல் முளைத்துவிட்டது, எங்கள் காலத்தில் ஒரு புல்லு நிற்க விட்டிருப்போமா, தண்டவாளத்தின் தலை மட்டும் அந்த ரொலி ஓடுகிற புண்ணியத்தில் மினுங்குகிறது.

நேற்றுப் பின்னேரம் வாகீசனிடம் சொன்னேன். மூடி மறைக்கவில்லை. ரொலி ஓட்டுகிறவன் ஆமி இல்லை, ரெயில்வே ஆள், என்னோடு ஒரே கூட்டத்தில் லைன் வேலை பார்த்தவன், ஆமிக்கு ரொலி ஓட்டத் தெரியாதபடியால் அவனை மறித்து வைத்திருக்கிறார்கள் என்று. அவர் குதிரையின் குளம்பைத் தூக்கி முள்ளு எடுத்துக்கொண்டிருந்தார். எடுத்த முள்ளைத் தூர எறிந்துவிட்டுக் கேட்டார், வேற ஆரும் ஓட்டிறேல்லையோ அண்ணை. இருக்கிறான், மாத்தறைப் பக்கத்துப் பெடியன் ஒருத்தன், இவன் லீவில் போனால் அவன்தான் என்றேன். அப்போதுதான் என் வாய் தானாகச் சொன்னது, நாளைக்குப் போயாவுக்கு மறுநாள், இவன் ஊரில் நிற்பான் என்று. வாகீசனின் முகம் வெளித்தது. அந்த முகத்தைப் பார்த்து எனக்கும் வெளித்தது. அந்த மாத்தறைப் பெடியனைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை, எனக்கு அவன் முகம்கூடத் தெரியாது, முகம் தெரியாதபடியால் மனம் எவ்வளவு இலேசாக அவனைக் கொண்டுபோய்ச் சாவில் இருத்திவிட்டது, அவனும் ஒருத்தி பெற்ற பிள்ளைதான். திட்டம் சுகமான திட்டம். ஸ்டேசனிலிருந்து மத்தியானச் சாப்பாட்டோடு ரொலி வரும், நாலைந்து ஆமி அதில் இருக்கும், வளைவில் கவிழும், சத்தம் கேட்டு ரெயில் கடவைச் சென்றியில் நிற்கிறவர்கள் துவக்கோடும் துவக்கில்லாமலும் அந்தப் பக்கம் ஓடுவார்கள், ஓடுகிறவர்களைக் குதிரைகள் பக்கவாட்டில் பிடிக்கும். சைகைக்கு முன்னம் சத்தம் போடுகிறவனுக்கு என்ன நடக்கும் என்றும் இன்றைக்கு விடிய எல்லாரையும் நிறுத்திச் சொன்னார், சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை, எவரையும் பார்க்கவில்லை. போன வருசம் ஒருவனுக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். அவனுக்குக் குழி வெட்டினவர்களில் றொபேட்டும் ஒருவன்.

வெயில் ஏறி நிழல் காலுக்குள் வரத் தொடங்கியதும் வாகீசன் தலையை அசைத்தார், நான் பையையும் பாரையையும் தூக்கிக்கொண்டு காட்டு ஓரத்தாலே இறங்கினேன். தனியாகத்தான், இது ஒரு ஆள் வேலை, எனக்கும் தனியாகப் போவதுதான் விருப்பம். வாய்க்காலுக்குள் குனிந்து போய், வளைவைத் தாண்டி, பிறகு திரும்பி, இரண்டு தண்டவாளம் சேர்கிற மூட்டுக்கு வந்தேன். தண்டவாளம் கொதிக்கிறது. உள்ளங்கையை வைத்ததும் தோளுக்குள் ஏறியது பழைய சூடு, ஐயோ, எத்தனை மத்தியானம் இதன் மேலேயே குந்தியிருந்து சாப்பிட்டோம், பியதிலக வாழையிலைச் சோற்றை விரிப்பான், நான் புட்டை விரிப்பேன், பிறகு எது எவனுடையது என்று இராது, அவனுடைய சம்பல் உறைப்பில் எனக்குக் கண்ணீர் வரும், என் மீன்குழம்பில் புளி கூடவென்று அவன் ஒவ்வொரு நாளும் குறை சொல்லி ஒவ்வொரு நாளும் வழித்துத் தின்பான். சாப்பிட்ட வாயோடு காதைத் தண்டவாளத்தில் வைத்து, வருவது சாமான் கோச்சியா, யாழ்தேவியா என்று பந்தயம். யாழ்தேவிக்கு ஒரு மெல்லிய முனகல் உண்டு, தூரத்தில் ஒருத்தி பிள்ளையை ஆட்டுகிற மாதிரி, சாமான் கோச்சிக்கு இருமல். அவனுக்குத்தான் காது கூர்மை, தோற்றுப் போகிறவன் கள்ளு வாங்கவேண்டும், நான்தான் எப்போதும் வாங்குவேன். முதலாவது நட்டு இறுகிப்போயிருந்தது, ஒரு வருசமாக எண்ணெய் காணவில்லை, நட்டுக் கழற்றுகிற சாவியில் ஏறி நின்று உன்னினேன், கீச்சிட்டுக்கொண்டு கொடுத்தது. மெல்லமாக அழுத்து, நோகப்போகுது, என்று அவன் நட்டுக்கும் சொல்லுவான், தண்டவாளத்துக்கும் சொல்லுவான், குழந்தையோடு பேசுகிற பேச்சு. அவனுக்குத் தமிழ் வந்ததே எங்கள் கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், எல்லாரையும் நீ என்பான், எங்கள் மேலதிகாரி ஓவசியரையும் நீ என்பான், ஓவசியர் சிரித்துவிட்டுப் போவார். இரண்டாவது நட்டு. மூன்றாவது. கழற்றின நட்டையும் போல்ட்டையும் கட்டையின் நுனியில் வரிசையாக வைத்தேன், வீசி எறிய மனம் வரவில்லை, வேலை முடிந்து பூட்டப்போகிறவன் மாதிரி வைத்துவிட்டு, பிறகு நினைத்துப் பார்த்து எல்லாவற்றையும் அள்ளி வாய்க்காலுக்குள் போட்டேன்.

எங்கள் கலியாணத்துக்கு இவன் செய்த வேலை. பொம்பிளை வீடு மாங்குளத்தில், அன்றைக்கென்று பஸ்காரர் வேலைநிறுத்தம், சொல்லி வைத்த காரும் பழுதாகிப்போய் வழியில் நிற்கிறது, முகூர்த்தம் நெருங்குகிறது, மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் நிற்கிறேன். பியதிலக வந்தான், லைன் பார்க்கப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ரொலியை எடுத்துக்கொண்டு வந்தான், அப்போது மோட்டார் இல்லை, தள்ளுகிற ரொலி. பலகையில் பாய் விரித்து, பாயில் என்னை இருத்தி, தலைப்பாகை பறக்காமல் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அவனும் இன்னொருவனும் வெறுங்காலோடு தண்டவாளத்தின் தலையில் ஏறி ஓடத் தொடங்கினார்கள். நாலு விரல் அகல இரும்பில் அப்படி ஒரு ஓட்டம், பாதம் ஒருதரம் வழுக்காது, வேகம் பிடித்ததும் பாய்ந்து பின்னால் குந்துவார்கள், வேகம் குறைந்ததும் இறங்கி ஓடுவார்கள், இரண்டு பக்கமும் காடு, பாலை மரம் முழுக்கப் பழம், காற்றில் சந்தனம் காய்ந்து நெற்றி இழுக்கிறது, நான் ராசா மாதிரி இருக்கிறேன். தாலி கட்டித் திரும்பி வரும்போது சற்குணத்தையும் ஏற்றினான். அவள் பயத்தில் என் கையைப் பிடித்தாள், அதுவரைக்கும் என்னை நிமிர்ந்தே பாராதவள், கை ஈரமாக இருந்தது. பின்னால் ஓடிக்கொண்டு இவன் சிங்களத்தில் பாடுகிறான், கருத்தைக் கேட்டேன், உனக்குச் சொல்லேலாது, மனிசி இருக்குது என்றான். இருபத்தொரு வருசம். அதைவிடச் சந்தோசமான ஒரு பயணம் எனக்கு வாய்க்கவேயில்லை, இனியும் வாய்க்காது.

திரும்பி வந்து குதிரைக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். வேலை முடிந்தது. தண்டவாளத்தைப் பாரையால் நெம்பி இரண்டு விரல் விலத்தி வைத்தாயிற்று, பார்க்கிறவனுக்குத் தெரியாது, ரொலிச் சில்லுக்குத் தெரியும். தொண்டை காய்கிறது, றொபேட் பாலைப்பழம் ஒரு பிடி நீட்டினான், சாப்பிட்டேன், பால் உதட்டில் பிசினாக ஒட்டி இழுக்கிறது. இந்தப் பிசினைப் போக்கத் தேங்காயெண்ணெய் பூசவேண்டும் என்று கண்டுபிடித்தவனும் பியதிலகதான். ஒருமுறை பொசனுக்கு என்னைப் பொல்காவலைக்குக் கூட்டிக்கொண்டு போனான், தெருத்தெருவாகப் பந்தல் போட்டு வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சோறு, கறி, பாயசம், தெரியாத ஆள் கையைப் பிடித்து இழுத்து இருத்துகிறான், இவன் ஒரு பந்தலையும் விடவில்லை, வயிறு வெடிக்கிறது என்றாலும் விடவில்லை, சாப்பிடாவிட்டால் அவங்களுக்குப் புண்ணியம் கிடைக்காது, நீ கெடுக்கிறது என்று என்னை ஏசினான். அவனுடைய தாய் என் தலையில் கை வைத்து ஏதோ சொன்னாள். இரண்டு பேருமாக முற்றத்தில் வெளிச்சக்கூடு கட்டினோம், நான் ஒட்டின பக்கம் கோணல். நேற்று ஆர் ஒட்டிக் கொடுத்திருப்பார்கள். நேற்று ஒட்டியிருப்பான் அல்லவா, ஊரில்தானே நிற்கிறான், நிற்கட்டும், இன்னும் ஒரு நாள் நில், மனிசியோடு சண்டை பிடி, காய்ச்சல் என்று படு, என்ன குறைந்துபோகும். கடைசியாகக் கண்டது வேலை நின்ற அன்றைக்கு, சாமான்களை எல்லாம் ஒப்படைத்தபோது என் சாவியைத் திரும்ப எடுத்து என் பைக்குள் வைத்தான், இதைக் கொண்டுபோ மச்சான், கோச்சி திரும்ப ஓடேக்கை நீ வா என்றான். அந்தச் சாவியால்தான் இப்போது கழற்றினேன். நினைக்கக் கூடாது. கடவைச் சென்றியில் ஒருவன் ரேடியோ போடுகிறான், பாட்டு வருகிறது, விளங்கவில்லை. கடவைக்காரி மீனாச்சி இருந்த குடில் அது, கதவடியில் செவ்வரத்தைப் பூமரம் வைத்திருந்தாள், மண்மூட்டைகளுக்கு மேலால் அந்தச் செவ்வரத்தை இன்னும் தலையைக் காட்டுகிறது.

சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. மோட்டார் ரொலிக்கு முனகலும் இல்லை, இருமலும் இல்லை, ஒரே படபடப்பு. வாகீசன் தூரக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பாலை மரத்துக் கிளைக் கவரில் ஏறினார். மற்றவர்கள் குதிரைகளின் வாய்க்கட்டை அவிழ்த்தார்கள், நானும் அவிழ்த்தேன். மாத்தறைப் பெடியன்தான். பெடியன்தான். ஓட்டுகிற வேகத்தைக் கேட்டாலே தெரிகிறது, இளரத்தம், பியதிலக வளைவுக்கு இந்த வேகத்தில் வரமாட்டான், வருவானோ, வெறுவயிற்றோடு காத்திருக்கிற ஆட்களுக்குச் சோறு கொண்டுவந்தால் வருவான். மேலேயிருந்து வாகீசன் கேட்டார், ஆத்திரம் இல்லை, விளங்காமல்தான் கேட்டார்.

“அண்ணை, வளைவுக்கு அங்காலை அதென்ன சிவப்பு?”

என்ன சிவப்பு. நான் பையைத் திறந்தேன். சாவி இருந்தது. சாவியைச் சுற்றி வைத்திருந்த சிவப்புத் துணி இல்லை. அந்தத் துணி எங்கள் வேலைக் கொடி, சாவியைச் சுற்றித்தான் எப்போதும் கிடக்கும். மூட்டைத் தொட முன்னம் கொடியை நடு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லித் தந்தது, கொடி நடாமல் நட்டில் சாவி வைத்தவன் கையை முறி என்று ஓவசியர் சொல்லுவார். அதனால்தான் வளைவைத் தாண்டிப் போனேனா. மூட்டு வளைவுக்கு இந்தப் பக்கம் அல்லவா இருக்கிறது, அங்கே எனக்கு என்ன வேலை. போயிருக்கிறேன், ஒரு கம்பு முறித்திருக்கிறேன், துணியைக் கட்டி, இரண்டு கட்டைக்கு நடுவில் கல்லு வைத்து இறுக்கி நட்டிருக்கிறேன், திரும்பி வந்து நட்டுக் கழற்றியிருக்கிறேன், சாப்பாட்டையும் கள்ளையும் நினைத்துக்கொண்டு. கை செய்ததா, நான் செய்தேனா. தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கொடி அண்ணை, எங்கடை கொடி, என்று நான் வாகீசனையே அண்ணை என்று சொல்லிவிட்டேன். அவர் மரத்திலிருந்து இறங்கி என் முகத்தைப் பார்த்தார். படபடப்பு குறைந்தது, குறைந்து குறைந்து நின்றுவிட்டது. ரொலி கொடிக்கு முன்னால் நிற்கிறது. இலைகளுக்கு நடுவால் தெரிகிறது, தொப்பி போட்ட தலைகள், சாப்பாட்டு வாளி, இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவன் இறங்குகிறான், இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைத்து நடக்கிறான், சிலிப்பர்கட்டை விழுந்த கால் அது, என் பிடி நழுவி விழுந்த கட்டை. அவன்தான். போகவில்லை. பொசனுக்கும் போகவில்லை, அல்லது போய் ஓடோடி வந்துவிட்டான், விசரன்.

கொடிக்குக் கிட்டப் போனான். குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தான். கம்பை ஆர் எப்படி நட்டது என்று பார்த்தவுடனே சொல்லுகிறவன் அவன், கல்லைப் பக்கவாட்டில் வைத்து இறுக்குகிறவன் எங்கள் கூட்டத்தில் நான் ஒருவன்தான். நிமிர்ந்தான். இரண்டு கையையும் வாயில் குவித்தான்.

“சிவம்! வரலாமா?”

வெயில் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. குதிரைகள் காதை நிமிர்த்தின. வாகீசனின் கை என் தோளில் வந்து இருந்தது, பாரமாக. இது எங்கள் வழக்கம், வேறு கூட்டத்துக்காரர் இப்படிச் செய்வதில்லை, கொடியைக் கண்ட ரொலிக்காரன் மூன்றுதரம் கேட்பான், வேலையில் இருக்கிறவன் பொறு என்றால் பொறுப்பான், வா என்றால் வருவான், மூன்றுதரமும் பதில் இல்லையென்றால் வேலை முடிந்து கொடியை மறந்துபோய் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று அர்த்தம், கொடியைப் பிடுங்கிக்கொண்டு வரலாம். ஆகவே நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. பேசாமல் குந்தியிருந்தால் போதும். திட்டம் பிசகாது, கொடி வைத்த குற்றமும் மறைந்துவிடும், அவன் தானே பிடுங்கிக்கொண்டு தானே வருவான். அவனுக்கு நான் இங்கே இருப்பது தெரியுமா, தெரிந்துகொண்டா கேட்கிறான், பின்னால் துவக்கோடு ஆட்கள் இருக்க என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான், ஒரு வருசமாகப் பூட்டிக் கிடக்கிற லைனில் ஆர் வேலை செய்வது என்று ஒரு நிமிசம் யோசித்தானா, அல்லது கோச்சி ஓடப்போகிறது, அதுதான் சிவம் வேலைக்கு வந்துவிட்டான் என்று சந்தோசப்பட்டானா. அப்படித்தான் பட்டிருப்பான். அந்தக் குரலில் சந்தோசம் இருந்தது.

“சிவம்! வரலாமா மச்சான்?”

இரண்டு. பேசாதேங்கோ அண்ணை, என்று வாகீசன் சொன்னார், கட்டளை மாதிரி இல்லை, கெஞ்சுகிற மாதிரி இருந்தது, என்னைக் கொல்லவேண்டி வரும் என்ற பயம் அந்தப் பிள்ளைக்கு. அவரையும் எனக்குப் பிடிக்கும். குதிரைக்கு முள்ளு எடுக்கிற கை அது. றொபேட் என்னைப் பார்க்கவில்லை, குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்கிறான். சென்றியில் ரேடியோவை நிறுத்திவிட்டார்கள். அங்கே பியதிலக கையை இறக்கிவிட்டு, காது கொடுத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சரித்து நிற்கிறான், அந்தக் கூர்மையான காது, பந்தயத்தில் ஒருக்காலும் தோற்காத காது. பிறகு ஒரு கையைக் கம்பில் வைத்துக்கொண்டு மற்றக் கையை வாய்க்குக் கொண்டு போனான். மூன்றாவதை அவன் மெல்லமாகத்தான் கேட்டான், பக்கத்தில் இருக்கிறவனைக் கேட்பது மாதிரி.

“சிவம்?”

“வராதை! பியா, வராதை, லைன் திறந்து கிடக்கு!”

என் தொண்டைதான். காடு முழுக்க எதிரொலித்தது. அவன் கம்பை விட்டுவிட்டு இழுத்த காலோடு ஓடினான், ஓரத்தாலே ஓடினான், கட்டையில் கால் வைக்காமல் ஒழுங்காக ஓடினான். இயந்திரம் பிடித்துக்கொண்டது, ரொலி பின்பக்கமாகப் போகிறது, ஆமிக்காரர் காட்டைப் பார்த்துச் சுடுகிறார்கள், கடவைச் சென்றியும் சுடத் தொடங்கியது, எங்கள் தலைக்கு மேலே பாலை இலைகள் கொட்டுகின்றன, எங்களில் எவருக்கும் படவில்லை. படபடப்பு தூரப் போய், இன்னும் தூரப் போய்க் கேளாமல் போயிற்று. போய்விட்டான். எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. வெட்கம் கெட்ட சந்தோசம், இத்தனை பிள்ளைகளின் இத்தனை நாள் பாட்டை ஒரு சொல்லில் நாசமாக்கிவிட்டு நெஞ்சு நிறைந்து நிற்கிறேன், கண்ணால் தண்ணீர் ஓடுகிறது.

வாகீசன் என் தோளிலிருந்து கையை எடுத்தார். ஏறுங்கோ என்று எல்லாருக்கும் சொன்னார், எனக்கும் சேர்த்துத்தான். என் துவக்கை மட்டும் றொபேட் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான், வாங்கும்போது மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி என் கையை ஒருதரம் தொட்டான். ஒற்றையடிப் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குதிரைகள் போகின்றன. நான்தான் கடைசி. இரண்டு பக்கமும் எனக்குத் தெரிந்த காடு, குதிரையைத் திருப்பினால் போதும், பின்னேரத்துக்கு முன்னம் சற்குணம் இருக்கிற இடத்துக்குப் போய்விடலாம். முன்னால் போகிற வாகீசன் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, நான் வருவேன் என்று அவருக்குத் தெரியும். முகாமுக்கு இன்னும் கனதூரம் இருக்கிறது. குதிரைக்குத் தாகம், வழியில் குளத்தில் தண்ணி காட்டவேண்டும்.